துணைவேந்தர் மடியில் கோலாத் தட்டு

சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாயைத் திருகிக்கொண்டிருந்த காட்வினை, காலைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே வரச் சொன்னார்கள். வந்தவன் கூடத்தைப் பார்த்து மிரண்டுபோனான். சோபாக்களில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் பேராசிரியைகள். மனிதத் தலையைத் திறந்து மூளையைச் சரிபார்த்துத் திரும்ப மூடுகிறவர் ஒருவர், உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வென்றவர் ஒருவர். நடுவில் மேசைமேல் மரத்தட்டு. தட்டில் கோலாக்கொட்டைகள், பக்கத்தில் கடலைத் துவையல். எல்லோருடைய கண்ணும் காட்வினின் கால்சட்டைமேல் இருந்தது. அதற்குள் ஓர் ஆண்பிள்ளை இருக்கிறான் என்பதுதான் அவனிடம் அவர்களுக்கு அப்போது தேவைப்பட்ட தகுதி.

பேராசிரியை ஓயிதியாவை உகுவாரோ பல்கலைக்கழகத்தின் பொறுப்புத் துணைவேந்தராக அறிவித்த வாரம் அது. தோழிகள் வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார்கள். இக்போ வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் கோலாக்கொட்டை. அது உடைபடாமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. உடைப்பதோ ஆண் கை. ஓயிதியாவின் கணவர் இறந்து நாளாகிறது. மகள்கள் இருவரும் லாகோஸில். கார் ஓட்டுகிறவர் பெட்ரோல் வரிசையில். ஆக, மிச்சம் இருந்த ஆண் தொட்டிக்கு அடியில்தான்.

காட்வின் கையைப் பின்பக்கம் துடைத்துக்கொண்டு கொட்டையை எடுத்தான். பிரார்த்தனை சொல்ல வேண்டுமே. அவனுக்குத் தெரிந்தது பெண் பார்க்கப் போகும் இடத்தில் சொல்லும் பிரார்த்தனை ஒன்றுதான். இந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் சீக்கிரம் நல்ல புருஷன் அமையட்டும், கை நிறையப் பிள்ளை பிறக்கட்டும் என்று மனமுருக வேண்டினான். எல்லோருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. "இசே" என்று எல்லோரும் ஒரே குரலில் ஆமோதித்தார்கள். மசகு எண்ணெய் படிந்த நகத்தால் அவன் கொட்டையைப் பிளந்தான்.

அவன் மறுபடி தொட்டிக்கு அடியில் போன பிறகு சிரிப்பு வெடித்தது. மனையியல் துறைத் தலைவி ஃபிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாருங்க மேடம், முப்பதாயிரம் பிள்ளைங்களுக்குத் தலைவி ஆயிட்டீங்க. ஒரு கொட்டைய ஒடைக்கக் குழாய்க்காரன் வேண்டியிருக்கு."

ஓயிதியாவும் சிரித்தார். ஆனால் வாயில் போட்ட துண்டில் எண்ணெய் வாடை அடித்தது. இத்தனை வருஷம் எத்தனையோ ஆண்கள் உடைத்துக் கொடுத்ததைத் தின்றிருக்கிறார்.  அன்றைக்குத்தான் அது அவருக்கு அவமானமாக இருந்தது.

நம்முடைய பல்கலைக்கழகத்தின் பெருமையை இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதைத் தொடங்கும்போது மூன்று ஊர்கள் எங்கள் நிலத்தில்தான் கட்ட வேண்டும் என்று சண்டை போட்டன. மூன்று ஊரும் கொடுத்த நிலம் எது என்று பார்த்தால், துர்மரணம் அடைந்தவர்களை வீசி எறியும் காடு. பேய்க்குப் பயந்து யாரும் ஒரு கிழங்குகூட நடாத பூமி. பிறகு மாணவர்கள் வந்தார்கள், பேய்கள் இடத்தைக் காலி செய்தன. இரண்டு பேருக்கென்று கட்டிய விடுதி அறையில் இரண்டு பேர் சட்டப்படியும் ஏழு பேர் ஒட்டுக்குடியாகவும் இருக்கிறார்கள். குளிக்கிற தண்ணீரைக் குன்றின் அடியிலிருந்து கேனில் சுமந்து வருகிறார்கள். வேலைநிறுத்தங்களின் புண்ணியத்தில் நாலு வருஷப் பட்டம் ஏழு வருஷத்தில் கிடைக்கிறது. அதனால் எங்கள் பட்டதாரிகளுக்கு மற்ற பல்கலைக்கழகப் பட்டதாரிகளைவிட முதிர்ச்சி அதிகம்.

கோலா விஷயத்திலும் நமக்கு நீண்ட வரலாறு உண்டு. முதல் துணைவேந்தர் ஓர் அமெரிக்கர். பேனாக்கத்தியை விரித்து ஆங்கிலத்தில் ஏதோ நகைச்சுவை சொல்லிக் கொட்டையை உடைத்தார். கோலாக்கொட்டைக்கு இக்போ மொழி தவிர வேறு எதுவும் கேட்காது என்று சத்தியம் செய்கிற ஊர்ப் பெரியவர்கள் அன்றைக்குக் கை தட்டினார்கள். அந்தப் படம் பேரவை மண்டபத்தில் இன்னும் தொங்குகிறது. இராணுவ ஆட்சியில் ஒரு மேஜரை நிர்வாகியாக அனுப்பினார்கள். அவர் எந்த ஊர், எந்த மொழி என்று யாரும் கேட்கவில்லை. துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு அவரும் உடைத்தார். எல்லோரும் வாங்கித் தின்றார்கள். வழக்கம் எங்கேயும் கெடவில்லை.

ஓயிதியா தாவரவியல்காரர். அதிலும் கோலா மரம்தான் அவருடைய ஆயுள் படிப்பு. கொட்டையைத் துளைக்கிற வண்டைத் தடுக்க அவர் கண்டுபிடித்த வழியால்தான் மூன்று மாநிலங்களில் தோப்புகள் பிழைத்தன. அந்த மரத்தை வளர்க்கலாம், காய் பறிக்க ஆள் வைக்கலாம், கழுவலாம், சந்தையில் விற்கலாம், தட்டில் வைத்து நீட்டலாம். உடைக்க மட்டும் கூடாது.

அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததும் மரியாதையால் அல்ல. பதவிக்கு ஆசைப்பட்ட இரண்டு ஆண்கள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு, ஆட்சிக்குழு சலித்துப்போய், யாருக்கும் தொந்தரவு இல்லாத ஒரு விதவை ஆறு மாதம் இடத்தைச் சூடாக வைத்திருக்கட்டும் என்று விட்டது. அவரோ உட்கார்ந்த மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டார். குன்றின்மேல் தண்ணீர் ஏறியது. நின்றுபோயிருந்த சம்பளம் வந்தது. பெண்கள் விடுதிப் பாதையில் விளக்கு எரிந்தது. இப்போது அவருக்கே அந்த நாற்காலி வேண்டும் என்று தோன்றிவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. உறுதி செய்வதா வேண்டாமா என்பதை ஆட்சிக்குழு பல்கலைக்கழகத்தின் பொன்விழா நாள் மாலையில் முடிவு செய்வதாக இருந்தது.

பொன்விழா நெருங்கும்போது இணைத் துணைவேந்தர் ஒக்வுதிலி ஓயிதியாவின் வீட்டுக்கு வந்தார். ஃபிலோமினாவின் கணவர். ஓயிதியாவின் கணவருக்குப் பங்காளி முறை. அந்த வம்சத்து ஆண்கள் எல்லோரும், வாண்டுப் பயல்கள் உட்பட, ஓயிதியாவை 'நம்ம பொண்டாட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். அது மரியாதையாம். ஒக்வுதிலி சமூகவியல் பேராசிரியர். பெண்களை ஒடுக்கும் வழக்கங்கள் பற்றி ஜெனிவா வரை போய்க் கட்டுரை வாசித்து, திரும்பி வரும்போது மனைவிக்கு இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்தவர்.

"நம்ம பொண்டாட்டி, ஒரு பத்து நிமிஷம்தான். விழா அன்னிக்கு உங்க நாற்காலில நான் உக்காந்து, கொட்டைய ஒடைச்சிட்டு எந்திரிச்சிடுறேன்."

"எந்திரிச்சிடுவீங்களா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எனக்கு இதுல துளி நம்பிக்கை கெடையாது. நான் எழுதுனதெல்லாம் படிச்சிருக்கீங்க. ஆனா ஊர்க்காரங்க இருக்காங்களே."

அவர் போன பிறகு ஓயிதியா கணக்குப் போட்டுப் பார்த்தார். கொட்டையை உடைக்கிறவர்தான் வீட்டுக்காரர். மூன்று ஊர்த் தலைவர்களும் ஆட்சிக்குழுத் தலைவரும் பார்க்க, பத்து நிமிஷம் அந்த நாற்காலியில் ஒக்வுதிலி வீட்டுக்காரராக இருந்துவிட்டால், மாலையில் யார் பெயர் எழும்பும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இடத்தைச் சூடாக்கியது போதும் என்று தன்னைத் தாவரங்களிடம் அனுப்பிவிடுவார்கள்.

விழாச் சடங்குக் குழு இந்த ஒரு விஷயத்துக்காக மூன்று முறை கூடியது. தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஒரு முறைகூடக் கூடியதில்லை. வரலாற்றுப் பேராசிரியர் ஒரு வழி சொன்னார்: நம் வழக்கப்படி ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குப் பரிசம் போட்டு மனைவியாக்கிக்கொண்டால் பரிசம் போட்டவளை ஆண் கணக்கில் சேர்ப்பது உண்டு, ஆகவே துணைவேந்தர் விழாவுக்கு முன் ஒரு பெண்டாட்டி கட்டிக்கொள்ளலாம். இதை அவர் சிரிக்காமல் சொன்னார், குறிப்பெடுத்தவரும் சிரிக்காமல் எழுதினார். மொழியியல்காரர் அதைவிடச் சாமர்த்தியசாலி. துணைவேந்தர் தாவரவியலாளர் என்ற முறையில், ஆங்கிலத்தில், ஒரு விதையின் அமைப்பை விளக்கும் செய்முறையாக அதைப் பிளந்து காட்டலாம். அது கோலா உடைத்தல் ஆகாது. அதே நேரத்தில் பக்கத்தில் ஒக்வுதிலி வேறொரு கொட்டையை முறைப்படி உடைப்பார். எல்லோருக்கும் திருப்தி.

ஓயிதியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். யோசிக்கிறேன் என்றார். தட்டை நீட்டுவது மட்டும் வீட்டுக்காரர் என்ற முறையில் என் கையால் நடக்கட்டும் என்று கேட்டார். அதில் தவறில்லை, அது பெண்கள் செய்கிற வேலைதான் என்று குழு பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டது. உடைப்பது ஒக்வுதிலி என்று அதுவாகவே எழுதியும் வைத்துக்கொண்டது.

விழா நாளில் பந்தலில் எள் விழ இடமில்லை. முன்வரிசையில் சிவப்புத் தொப்பித் தலைவர்கள், நடுவில் ஆட்சிக்குழுத் தலைவரான ஓய்வு பெற்ற நீதிபதி ஒன்வூரா, அதற்குப் பின்னால் அங்கி போட்ட பேராசிரியர்கள். பெண்கள் வழக்கம்போல் கடைசியில், சமையல் கூடாரத்தை ஒட்டி. ஆட்டுக்கறி மிளகு சூப்பும் எகுசி விதைக் குழம்பும் இடித்த வள்ளிக்கிழங்கும் தயாராகிக்கொண்டிருந்தன. ஃபிலோமினாதான் விருந்துக்குப் பொறுப்பு. ஒக்வுதிலி சிங்கத் தலை பின்னிய சட்டை போட்டு, ஓயிதியாவின் வலப்பக்கம் உட்கார்ந்து, சட்டைப்பையில் இருந்த சிறு கத்தியை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஓயிதியா எழுந்து தட்டை நீட்டினார். தட்டு ஊர் ஊராகச் சுற்றியது. எல்லோரும் பார்த்துத் தொட்டு அனுப்ப வேண்டும். எந்த ஊர் மூத்தது என்று வழியில் இரண்டு முறை சண்டை வந்தது. வெயில் ஏறிய பிறகுதான் சுற்றி முடித்து, முறைப்படி, கொடுத்தவர் கைக்கே திரும்பி வந்தது. இனி வீட்டுக்காரர் அதை உடைக்கிறவரிடம் நீட்ட வேண்டும். ஒக்வுதிலி தொண்டையைச் செருமிக்கொண்டு கையை நீட்டினார்.

ஓயிதியா உட்கார்ந்தார். தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தார்கள். ஜெனரேட்டர் உறுமியது. சூப்பின் வாசனை பந்தலுக்குள் நுழைந்து வரிசை வரிசையாக மூக்குகளைத் தொட்டது. ஒக்வுதிலியின் நீட்டிய கை அந்தரத்தில் நின்று, பிறகு தன் முழங்காலைச் சொறிவதுபோல் இறங்கியது.

"குடுங்க," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"கொட்டை சுத்தி வந்து என் கைல சேந்துடுச்சு. வழக்கப்படிதான் நடக்குது."

"எப்பக் குடுப்பீங்க?"

"எப்பன்னு வழக்கத்துல சொல்லலியே."

உண்மைதான், சொல்லவில்லை. வீட்டுக்காரர் கையில் இருக்கும் கோலாத் தட்டைப் பிடுங்குவது திருட்டைவிடக் கேவலம். அதுவும் வழக்கம். அது உடைபடாமல் பேச்சு இல்லை, தண்ணீர் இல்லை, சோறு இல்லை. காலையில் விருந்தை நம்பி வெறும் வயிற்றோடு கிளம்பி வந்த பெரியவர்கள் விசிறியை வேகமாக அசைத்தார்கள். ஒரு தலைவர் வாய்விட்டுக் கொட்டாவி விட்டார். கடைசியில் நீதிபதி ஒன்வூரா எழுந்து வந்து ஓயிதியாவின் காதருகே குனிந்தார்.

"அம்மா, சாயங்காலம் ஆட்சிக்குழு கூடுது. அத மனசுல வச்சுக்குங்க. தட்டக் குடுத்துட்டா எல்லாருக்கும் நல்லது."

ஓயிதியா தட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பயம்தான். தண்ணீரும் விளக்கும் சம்பளமும் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. நாற்காலி வேண்டுமானால் கொட்டையைக் கொடு என்கிறார்கள். கொட்டையைக் கொடுத்துவிட்டு உட்கார்கிற நாற்காலியில் நாளைக்கு எந்தக் கோப்பைக் கேட்டாலும் இப்படித்தானே கையை நீட்டுவார்கள் என்று நினைத்தார். எழுந்து நின்றார். பிறந்த ஊர் இக்போவில், ஒலிபெருக்கி வேண்டாத குரலில் தொடங்கினார்.

"இந்தக் காட்டுக்குப் படிக்க வந்த பிள்ளைங்க நல்லா இருக்கட்டும். ஏழு வருஷப் படிப்பு நாலு வருஷத்துல முடியட்டும்."

பின்னால் வேலிமேல் ஏறி நின்ற மாணவர்கள் "இசே" என்று கத்தினார்கள்.

"கெழவங்க சண்டைல பிள்ளைங்க வயசு போகாம இருக்கட்டும்."

"இசே" என்றன பெண்கள் வரிசைகள்.

"மாசம் பொறந்தா சம்பளம் வரட்டும்."

"இசே" என்று பேராசிரியர் பெருமக்கள் இடிபோல் முழங்கிவிட்டு, என்ன செய்தோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த இடைவெளியில் அவர் கட்டை விரல் நகத்தைக் கொட்டையின் பிளவில் வைத்து அழுத்தினார். அது பிளந்தது. வானம் இடியவில்லை. தன் பங்கை வாயில் போட்டு மென்றுகொண்டே தட்டை அனுப்பினார்.

தட்டு முன்வரிசையில் போனது. யாரும் தொடவில்லை. நீதிபதி அதைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். பேராசிரியர்கள் வரிசையில் இளையவர் ஒருவர் கை நீட்டி, பக்கத்து ஆளின் முறைப்பில் இழுத்துக்கொண்டார். இப்படி ஒரு துண்டுகூடக் குறையாமல் பந்தல் முழுக்க நடந்து, பெண்களிடம் போய்ச் சேர்ந்தது. எப்போதும் அவர்களுக்கு எஞ்சுவது பொடியும் தோலும்தான். அன்றைக்கு முழுத் தட்டும் வந்தது. ஃபிலோமினா முதல் துண்டை எடுத்தார். பேராசிரியைகள், விரிவுரையாளர்கள், தட்டெழுத்தர்கள், பெருக்குகிறவர்கள், கரண்டி பிடித்தவர்கள் எல்லோரும் எடுத்தார்கள். அவர்களுக்காக இன்னும் கொட்டைகள் உடைபட்டன. பிறகு ஃபிலோமினா பானை மூடிகளைத் திறக்கச் சொன்னார்.

பரிமாறுகிறவர்கள் பெண்கள் வரிசையில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொண்டார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு தலைவர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். ஃபிலோமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பந்தலின் நடுவுக்கு வந்தார்.

"ஒரு வீட்டுக் கொட்டையத் தொடாதவங்களுக்கு அந்த வீட்டுச் சோறு கெடையாது. அது நாங்க வச்ச வழக்கமா? உங்க அப்பாங்க வச்சது. மீறுனா பாவம் எங்களுக்குத்தானே வரும்?"

 ஆட்டுக்கறி எலும்பை உறிஞ்சுகிற சத்தம் கடைசி வரிசைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நீதிபதி ஒன்வூரா, தனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகவும், வயிறு காயக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதாகவும், மருந்தாக நினைத்து ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொள்வதாகவும் பக்கத்தில் உள்ளவர்களுக்கு விளக்கினார். தட்டு அவரிடம் ஓடியது. அன்றைக்குத்தான் தெரிந்தது, முன்வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் சர்க்கரை வியாதி. அங்கி போட்டவர்களுக்கு அது பரம்பரையாகவே இருந்தது.

ஒக்வுதிலி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஃபிலோமினா தட்டோடு அவர் முன்னால் நின்றார்.

"ஒங்களுக்குச் சர்க்கரையும் கெடையாது. போன வாரம்தான் பாத்தோம்."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். ஆய்வுக்காக ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொள்வதாகச் சொல்லி எடுத்தார். இடித்த வள்ளிக்கிழங்கு இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

மாலையில் ஆட்சிக்குழு கூடியது. ஒக்வுதிலியின் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஒருவர் கையால் கோலா தின்றுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் அவருக்குக் கெடுதல் நினைத்தால் வயிறு வீங்கும் என்பது அவர்கள் எல்லோருக்கும், சட்டம் படித்தவர்களுக்கும் மருத்துவம் படித்தவர்களுக்கும், ஐயமில்லாமல் தெரியும். ஓயிதியாவைத் துணைவேந்தராக உறுதி செய்தார்கள். தண்ணீருக்காக அல்ல, விளக்குக்காக அல்ல, சம்பளத்துக்காக அல்ல. கொட்டை இன்னும் செரிக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கணவர் ஊர்ப் பங்காளிகள் கூடி, வம்சத்துப் பெண்டாட்டி கோலா உடைத்ததால் நிலம் தீட்டுப்பட்டுவிட்டது, கழிப்புக்கு ஓர் ஆடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதைச் சொல்ல ஒக்வுதிலியையே அனுப்பினார்கள். அவர் துணைவேந்தர் அறையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தனக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று பலமுறை சொன்னார். ஓயிதியா முகம் சுளிக்காமல் கேட்டார். மறுநாள் பல்கலைக்கழகப் பண்ணையில் தன் காசைக் கட்டி ஆடு வாங்கி, வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்.

வண்டி வந்து நின்றதும் பங்காளிகள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு ஆடு இருந்தது. கணக்குத் தப்பாக வந்துவிட்டதோ என்று அவர்களில் மூத்தவர் ஃபோன் போட்டுக் கேட்டார்.

"சரியாத்தான் அனுப்பியிருக்கேன்," என்றார் துணைவேந்தர். "ஒண்ணு நடந்ததுக்கு. இன்னொண்ணு வர்ற மாசம் பேரவைக் கூட்டத்துக்கு."